துணி மூடிய விமானத்துக்கு விலை சொன்னேன்

விலை சொல்லிவிட்டு நகர்ந்து போகிறவனைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். 'இது இவ்வளவுக்குப் போகும், அது அவ்வளவுக்கு வரும்' என்று சொல்லிவிட்டு, கையை உதறிக்கொண்டு டீ குடிக்கப் போகிறவர்களைச் சொல்கிறேன். நாட்டில் இப்போது அவர்கள்தான் அதிகம். தங்கத்துக்குச் சொல்கிறார்கள், நிலத்துக்குச் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் வாங்காத காருக்கும் சொல்கிறார்கள். இப்படி விலை சொல்கிறவன் வாங்குகிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை. சொல்கிறவன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் பேச்சை நம்பி ஒரு மனிதன் பதினேழு விமானங்களுக்கு அச்சாரம் கொடுத்தான். அந்த மடையன் நான்தான்.

(விமானம் என்றதும் பயந்துவிடாதீர்கள். எல்லாம் முக்கால் முழம்கூட இல்லாத பிளாஸ்டிக் விமானம்.)

என் தொழில் மிளகுக் குத்தகை. ஏற்காட்டு மலையில் மிளகைப் பறித்து விற்பதைவிடக் கொடியோடு குத்தகைக்கு விடுவதுதான் பல பேருக்குச் சௌகரியம். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கும் கொடியில் சரம் பிடித்ததும் என்னைப் போன்றவர்கள் போய்ப் பார்ப்போம். அண்ணாந்து பார்த்து, நாலு கொடியைப் புரட்டிப் பார்த்து, இந்தத் தோட்டம் இவ்வளவு காய்க்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, ஒரு கொடியில் கை வைத்து விலை சொல்வோம். கை வைத்துச் சொல்லிவிட்டால் முடிந்தது. பிறகு ஆலங்கட்டி மழை பெய்தாலும் கொடி வாடினாலும் விலை மாறாது. தோட்டம் பெரியதாக இருந்தால், கூட நிற்கிற சின்ன வியாபாரிகள் 'எனக்கு ரெண்டு பங்கு', 'எனக்கு ஒண்ணு' என்பார்கள். விலை சொன்னவன் மொத்த அச்சாரத்தையும் தன் கையிலிருந்து கட்டிவிடுவான். பங்கு கேட்டவர்கள் அடுத்த சந்தை நாளுக்குள் தேடி வந்து அவரவர் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னை ஏமாற்றியதில்லை.

இந்தத் தொழில் எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரு விலை, ஒரே வாக்கியம். நான் பெரிய கூச்சக்காரன். குப்பனூரில் இறங்க வேண்டியவன், கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டுச் சேலம் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறேன். திரும்பும்போதும் கூப்பிடவில்லை. நேராக ஏற்காட்டுக்கே வந்து சேர்ந்தேன்.

அப்படிப்பட்டவனுக்கு விமானம் ஒட்டும் பழக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. மிளகு கொடுக்கப் போன ஒரு விடுதியில், தங்கிப் போன யாரோ பாதி ஒட்டிய பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். குப்பையில் போட இருந்ததை நான் வாங்கிக்கொண்டு வந்தேன். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்கள். சட்டத்தில் காய் மாதிரி தொங்கும் சின்னச் சின்னப் பாகங்கள். ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசினால் நிஜ விமானத்தின் குட்டி வந்துவிடும். எப்படிச் செய்வது என்று காட்டும் தாளில் படமும் எண்ணும்தான். எழுத்தே கிடையாது. மஞ்சக்குட்டையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிட மரியாதையான புத்தகம் உலகத்தில் இல்லை. யாரிடமும் பேசவும் வேண்டாம். மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ஒட்டுவேன்.

"பொம்பள மொளகு பொடைக்கறா, ஆம்பள பொம்மைக்கு மூக்கு ஒட்டறாரு" என்று என் மனைவி மல்லிகா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவளுக்கும் எனக்கும் குரலைப் பிரித்துக் கொடுத்தபோது கடவுள் இரண்டையும் அவளிடமே கொடுத்துவிட்டார்.

எங்கள் ஒரே மகள் கவிதாவை ஓமலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள்தான் ஒரு தீபாவளிக்கு வந்தபோது, "அப்பா, உங்கள மாதிரி ஆளுங்க போன்ல ஒரு குரூப் வச்சிருக்காங்க" என்று என்னையும் சேர்த்துவிட்டாள். நல்ல எண்ணத்தில் செய்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை. அந்தக் குரூப்பைச் சொல்கிறேன்.

அதில் விமானம் ஒட்டுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் எல்லாம், வரப்போகிற பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள். கையில் இருக்கிற பெட்டியைப் பிரிக்க அவர்களுக்கு நேரமில்லை. அடுத்த வருஷம் எந்தக் கம்பெனி எந்த விமானத்தை விடும், என்ன அளவில் விடும், என்ன விலைக்கு விடும், இதுதான் விடிந்ததிலிருந்து பேச்சு. பல் விளக்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். டாலர் ஏறினால் ஒரு விலை, கப்பல் தாமதமானால் ஒரு விலை, சுங்கவரி என்றால் ஒரு விலை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

இவர்களுக்குத் தலைவர் ஒருவர். தன் பெயரை 'விங் கமாண்டர்' என்று வைத்திருந்தார். ஈரோட்டில் தரைக்குப் போடும் டைல்ஸ் விற்கிறவர். (நிஜப் பெயரை எழுத மாட்டேன். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. பார்த்திருக்கிறேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.)

ஒரு ஆவணி மாதம், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒரு படம் வெளியிட்டது. ஒரு மேசை. மேசை மேல் ஏதோ ஒன்று. அதன் மேல் சாம்பல் நிறத் துணி. கீழே இங்கிலீஷில் 'விரைவில்' என்று எழுதியிருப்பதாகக் கவிதா போனில் சொன்னாள். அவ்வளவுதான் படம்.

எனக்கு அப்போதே கோபம் வந்தது. எங்கள் மலையில் ஒருவன் கொடிக்குத் துணி போர்த்தி வைத்துவிட்டு 'விலை சொல்லு' என்றால், மிளகு பறிக்கிற ஏணியை எடுத்து அவனையே அடிப்பார்கள். இங்கே அந்தத் துணியைக் கும்பிட ஆரம்பித்தார்கள். "இடது பக்க மடிப்பைப் பாருங்க, அது இறக்கையோட நுனி" என்றார் ஒருவர். "பின்னாடி மேடு தெரியுதே, அதுதான் வால்" என்றார் இன்னொருவர். விங் கமாண்டர் அந்தப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினார். கோட்டைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. மாருத்.

மாருத் என்பது நம் நாட்டிலேயே செய்த ஜெட் போர் விமானம். ஒல்லியாக, இறக்கையைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு, பாயப் போகிற கரிச்சான் குருவி மாதிரி இருக்கும். நிஜத்தை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிய அளவில் அது நல்ல பெட்டியாக வர வேண்டும் என்று குரூப்பில் எல்லோருக்கும் ஆசை. எனக்கும் ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சிவப்புக் கோட்டை நானும் பார்த்தேன். எனக்கும் கரிச்சான் தெரிந்தது.

பிறகு விலை. அதில்தான் என் ரத்தம் கொதித்தது. ஒருவர் மூவாயிரம் என்றார். ஒருவர் பன்னிரண்டாயிரம் என்றார். விங் கமாண்டர் திங்கட்கிழமை நாலாயிரம் என்றார், வியாழக்கிழமை ஒன்பதாயிரம் என்றார், ஞாயிற்றுக்கிழமை, "ஆறாயிரம்னு நான்தான் முன்னாடியே சொன்னேனே" என்றார். ஏன் மாற்றினாய் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துக் கொட்டச்சேட்டில் இப்படி மூன்று விலை சொன்னவனுக்கு அதற்கப்புறம் டீக்கடையில் டீ கிடைக்காது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கொதிக்கிற உலை மூடி மாதிரி வீட்டுக்குள் நடந்தேன். வாயைத் திறக்காதவனுக்குக் கோபம் வந்தால் அது போகிற வழி இல்லாமல் காது வழியாகத்தான் வரும்.

மல்லிகா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் மிளகு காயப்போடும் களத்துக்கு வந்தேன். அந்தக் கம்பெனி போன தடவை விட்ட பெட்டியின் விலை எனக்குத் தெரியும். அதன்மேல் எவ்வளவு ஏறும், வழிச்செலவு எவ்வளவு என்று தோட்டத்துக்குப் போடுகிற மாதிரியே கணக்குப் போட்டேன். எழுதத் தெரிந்தாலும் வேகமாக வராது. அதனால் குரலில் அனுப்பலாம் என்று முடிவு செய்தேன். குரல் அனுப்ப, மைக் படம் போட்ட குறியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே பேச வேண்டும். எனக்கு அது சரியாகப் பட்டது. கொடியில் கை வைத்துத்தானே விலை சொல்வோம்.

"ஏனுங்க, வணக்கமுங்க. நான் ஏற்காட்டுப் பக்கம் பழனிங்க. ஆளுக்கொரு வெல சொல்லறீங்க, அது நொம்பத் தப்புங்க. அந்த மாருத்துக்கு வெல அஞ்சாயிரமுங்க. பங்கு வேணுங்கறவங்க சொல்லுங்க."

விரலை எடுத்தேன். போய்விட்டது.

அரைமணி நேரத்தில் பதில்கள் வந்து விழுந்தன. "எனக்கு ரெண்டு அண்ணே." "ஏற்காட்டு அண்ணன் சொன்னா சரிதான், எனக்கு ஒண்ணு." "எனக்கு மூணு போடுங்க." கடைசியாக விங் கமாண்டரே, "அண்ணே, நமக்கு நாலு" என்றார். மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் பதினாறு. என் பங்கு ஒன்று சேர்த்துப் பதினேழு.

அன்று நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முகம் தெரியாத இத்தனை பெரிய மனிதர்கள் என் ஒரு சொல்லுக்குப் பங்கு கேட்டு நின்றார்களே என்று கண் கலங்கிவிட்டது. மல்லிகா வந்து, "என்னாச்சுங்க, கண்ணுல மொளகுத் தூசியா" என்றாள். ஆமாம் என்றேன்.

விலை சொன்னவன் அச்சாரம் கட்ட வேண்டும். என் கையில் பணம் இருந்தது. ஆனால் அது கொட்டச்சேட்டுச் சடையண்ணனுக்குக் கொடுக்க வேண்டியது. அவர் தோட்டத்துக் கொடியில் கை வைத்து, தீபாவளிக்கு முன்னால் அச்சாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கென்ன, அதற்குள் பதினாறு பேரும் பங்கைக் கொடுத்துவிடுவார்கள் என்று சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

இந்த மாதிரிப் பெட்டிகளை வரவழைத்து விற்கும் கடை அங்கே ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் வயதானவர், நிதானமானவர்.

"என்ன விமானம் வேணுங்க?" என்றார்.

"அந்தத் துணி மூடினதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது என்ன விமானம்னு அவனே இன்னும் சொல்லலீங்களே."

"தெரியுமுங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாருஞ் சொல்றாங்க."

"சரி, எத்தன?"

"பதினேழு."

அவர் எனக்கு டீ சொன்னார். டீ வந்து, நான் குடித்து முடிக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்ற அஞ்சாயிரத்துக்குப் பாதிப் பணம் கட்டணுமுங்க. ஒரு தடவ பதிஞ்சா திருப்பித் தர மாட்டேன். பில்லுல விமானத்தோட பேரு போட முடியாது. அந்தக் கம்பெனி அடுத்து விடற பெட்டின்னுதான் போடுவேன். எது வந்தாலும் எடுத்துக்கணும். சரிங்களா?"

"சரிங்க" என்றேன்.

(கூச்சக்காரனிடம் 'சரிங்களா' என்று கேட்கவே கூடாது. கிணற்றில் குதிக்கிறீங்களா, சரிங்களா என்றாலும் சரிங்க என்றுதான் சொல்வோம்.)

மலை ஏறி வந்ததும் குரூப்பில் இரண்டாவது குரலை அனுப்பினேன். "ஏனுங்க, பதினேழுக்கும் அச்சாரம் கட்டிட்டேனுங்க. அவங்கவங்க பங்க அனுப்பி வையுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க, சந்தைக்குள்ள குடுத்தாப் போதும்."

பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் முகங்கள் வந்தன. வரிசையாக வந்தன. "அண்ணே வேற லெவல்." "எந்தச் சந்தை அண்ணே?" ஒருவர் மாட்டுச் சந்தைப் படம் ஒன்றை அனுப்பினார். விங் கமாண்டர் மட்டும் பொறுமையாக விளக்கினார்: "அண்ணே, இது யூகம். வந்தா வாங்கலாம்னு பேசறது. சும்மா."

சும்மா. அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கையெல்லாம் சூடாகிறது. 'நாலு' என்று சொன்னாயே, அது சும்மாவா? நாலு என்றால் எனக்கு நாலுதான். என் மலையில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. எண்ணைச் சொல்லிவிட்டுச் சும்மா என்கிறவன், சோற்றைப் போட்டுவிட்டு இலையை உருவுகிறவன். இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? இல்லை. "சரிங்க" என்று அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் அந்தக் கம்பெனி துணியை எடுத்தது. கரிச்சான் இல்லை. மஞ்சள் நிறத்தில், மூக்கில் காற்றாடியோடு, வயல் மேல் தாழப் பறந்து பயிருக்கு மருந்தடிக்கிற விமானம். இறக்கைக்கடியில் வரிசையாக மருந்துக் குழாய்கள். இடது பக்க மடிப்பு என்று இத்தனை பேர் உயிரை விட்டார்களே, அது வெறும் மடிப்பு. துணி கசங்கியிருந்திருக்கிறது.

"எனக்கு மொதல்லயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார் விங் கமாண்டர்.

கடைக்காரர் போன் செய்தார். "உங்களுக்கு நல்ல சேதிங்க. வெல அஞ்சாயிரம் இல்ல, ரெண்டாயிரத்து நானூறுதான். கட்டின பாதிப் பணமே போதும். பெட்டிக்கு நூறு ரூபா நான்தான் தரணும்." என் விலையும் பொய். காய்ப்பும் பொய். தோட்டமே வேறு தோட்டம்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது சடையண்ணன் வந்தார். நான் பார்த்துவிட்டேன். பார்த்ததும் மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டேன். அவர் வாசலில் உட்கார்ந்து, மல்லிகா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கொட்டகையைப் பார்த்தே பேசினார்.

"பழனீ, மாட்டுக்கும் கூச்சமா இருக்கும். வெளிய வா சாமி."

வந்தேன். மல்லிகா இடுப்பில் கை வைத்து நின்றாள். சொல்ல வேண்டியதாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மாசத்துக்குப் பேசுகிற பேச்சை ஒரே மூச்சில் பேசியிருப்பேன்.

சடையண்ணன் கோபப்படவில்லை. அவருக்கு விஷயம் புரிந்தால் போதும் என்றிருந்தது.

"எத்தன பேரு ஏறலாம்?" என்றார்.

"ஏற முடியாதுங்கண்ணா. அரை முழத்துக்கு மேல கொஞ்சம்."

"பறக்குமா?"

"பறக்காதுங்க."

"அப்ப எதுக்கு?"

"பாக்கறதுக்குங்க."

"பாக்கறதுக்குப் பதினேழா?"

மல்லிகா சிரிக்கவில்லை. அவள் உள்ளே போய், ஆடு விற்று வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து சடையண்ணன் முன்னால் வைத்தாள். "அண்ணா, இவரு சொன்ன வெல சொன்னதுதான். ஆனா கொடி இப்ப என்னுது. வெல சொல்லற வேல இனிமே நான் பாத்துக்கறேன். இவரு ஏணி புடிக்கட்டும்."

சடையண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பணத்தை எடுத்துக்கொண்டார். என்னிடம் இருந்த ஒரே அதிகாரம் அந்த நிமிஷத்தில் வாசல் தாண்டிப் போனது. உலகத்தில் என் வாய்க்கு மதிப்பு இருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். இனி அதுவும் இல்லை.

அவர் போன பிறகு கெஞ்சிப் பார்த்தேன். மல்லிகா ஒரு வழி விட்டாள். "அந்தப் பதினாறு பங்குல ஒரு பங்காவது ஒருத்தன் எடுத்து, காசு குடுக்கட்டும். அடுத்த வருசம் நீங்களே வெல சொல்லுங்க. இல்லைன்னா ஏணிதான்."

பொங்கல் சமயத்தில் பெட்டிகள் வந்து சேர்ந்தன. பஸ் கூரையிலிருந்து இறக்கிய பெரிய அட்டைப்பெட்டியைப் பார்த்து ஜீப் டிரைவர், "என்னண்ணா, மருந்தடிக்கற பம்பா?" என்றான். "ஒரு வகைல" என்றேன்.

மே மாதம் கூட்டம் மலை ஏறும் நேரம். ஒரு நாள் குரூப்பில் விங் கமாண்டர் ஒரு படம் போட்டார். ஏரிக்கரை. அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், கையில் பஜ்ஜி. 'குளுகுளு ஏற்காடு.'

என் மலையில் வந்து, என் காற்றை வாங்கிக்கொண்டு, பஜ்ஜி.

நாலு பெட்டிகளைப் பையில் போட்டேன். மல்லிகா அதே நேரம், "டவுனுக்குப் போறீங்கன்னா அந்த விடுதில ரெண்டு கிலோ மொளகு கேட்டாங்க, குடுத்துட்டு வாங்க. கிலோ எழுநூறு. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், அவங்களுக்கே தெரியும்" என்று அதையும் கையில் கொடுத்தாள். ஜீப்பில் ஏறினேன். வழி முழுக்க மனசுக்குள் பேசிப் பார்த்தேன். 'ஏனய்யா, நாலுன்னு சொன்னது உன் வாய்தானே? இந்தா நாலு. எடு காசை.' ஒவ்வொரு வளைவிலும் அது கூர்மையாகிக்கொண்டே வந்தது. கடைசி வளைவில் நான் அவர் சட்டையைப் பிடித்திருந்தேன். உதடு அசைந்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

படகுத் துறைக்குப் பக்கத்தில் அவரைக் கண்டுபிடித்தேன். நேராகப் போய் முன்னால் நின்றேன். வாயைத் திறந்தேன்.

"சாப்டீங்களாங்க?" என்றேன்.

சத்தியமாக அதுதான் வந்தது.

"நீங்க..."

"பழனிங்க. ஏற்காட்டுப் பக்கம்."

"அண்ணே" என்று அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்ல பெரிய உடம்பு. "ஏய், இங்க வாங்க, இவர்தான் அந்தப் பதினேழு அண்ணன்." மனைவியும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். ஈரோட்டிலும் இது தெரிந்திருக்கிறது. அவர் மனைவி கும்பிட்டபடியே சிரித்தார். சின்னவன் என் கையைப் பிடித்து, "அங்கிள், எல்லாத்தையும் ஒட்டிட்டீங்களா" என்றான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சட்டையைப் பிடிப்பது?

நான் பையிலிருந்து நாலு பெட்டிகளை எடுத்து நீட்டினேன். "உங்க பங்குங்க" என்றேன்.

அவர் பெட்டிகளை வாங்கினார். நாலு பெட்டிகளையும் என் கையில் பாதி, தன் கையில் பாதியாகப் பிடித்து, தோளில் கை போட்டு, செல்பி எடுத்தார். உடனே குரூப்பில் போட்டார். பிறகு பெட்டிகளை அழகாக அடுக்கி என் பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "அருமையான பெட்டி அண்ணே. ஆனா நான் ஜெட் மட்டுந்தான் கட்டுவேன்."

வழியெல்லாம் தீட்டிய வார்த்தைகள் எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன, எது முதலில் போவது என்று தெரியாமல்.

"அண்ணே, இது என்ன, மிளகா?" என்றார் அவர், பையில் இருந்த பொட்டலத்தை மோந்து பார்த்து. "நல்ல வாசனை. கடையில எண்ணூறு சொல்றான். நாங்க எடுத்துக்கறோம். என்ன விலைண்ணே?"

இதோ. என் தொழில். இருபத்தைந்து வருஷமாக நான் செய்து வருகிற ஒரே காரியம். எதிரில் வாங்குகிறவன், கையில் சரக்கு, நாவில் விலை. கிலோ எழுநூறு என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை.

"உங்களுக்கென்னங்க" என்றது என் வாய். "நீங்க பாத்துக் குடுங்க."

அவர் பார்த்துக் கொடுத்தார். ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று. "வச்சுக்கங்கண்ணே" என்று சட்டைப் பையிலேயே திணித்தார், நல்ல மனசோடு. கிலோவுக்கு இருநூற்றைம்பது. குப்பை மிளகு விலை. நான் நன்றி சொன்னேன். அதையும் சொல்லித் தொலைத்தேன். பிள்ளைகள் கையசைத்தார்கள், நானும் கையசைத்தேன். அவர்கள் போட்டில் ஏறி நடு ஏரிக்குப் போன பிறகு, யாரும் இல்லாத பக்கம் திரும்பி, வழியில் தயார் செய்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் ஒரு மரத்திடம் சொன்னேன். அந்த மரம் என்ன பாவம் செய்ததோ.

வீட்டில் மல்லிகா வாசலிலேயே நின்றாள். "எடுத்துக்கிட்டாரா?"

"இல்ல."

"மொளகு குடுத்தீங்களா?"

"அத எடுத்துக்கிட்டாரு."

"யாரு?"

"அவருதான்."

அவள் என் சட்டைப் பையில் எட்டிப் பார்த்த நோட்டை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் இன்னொன்று ஒட்டியிருக்குமோ என்பது மாதிரி. "என்ன வெல சொன்னீங்க?"

நான் பெட்டிப் பையைக் கீழே இறக்கி வைத்தேன். விலையே சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கொட்டகையில் சாத்தியிருந்த ஏணியை எடுத்து வந்து சுவரோரம், எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதிலிருந்து கொட்டச்சேட்டுக்கும் சுற்றுப்பட்டுக்கும் அவள்தான் போகிறாள். கொடியில் கை வைத்து அவள் விலை சொல்கிறாள், நான் ஏணியோடு பின்னால் நிற்கிறேன். சடையண்ணன், "பழனீ, நீ என்ன சொல்லற?" என்று வேண்டுமென்றே கேட்பார். அவள் நன்றாகத்தான் செய்கிறாள்; என்னைவிட இரண்டு தோட்டம் அதிகமாகவே பிடித்திருக்கிறாள். அதுவும் எனக்குக் கோபம்தான். குரூப்பிலிருந்து நான் இன்னும் விலகவில்லை. விலகுவதற்கு எந்தக் குறியை அழுத்துவது என்று யாரையாவது கேட்க வேண்டும். போன வாரம் இன்னொரு கம்பெனி இன்னொரு துணியைப் போட்டிருக்கிறது. விங் கமாண்டர் கோடு போட்டாயிற்று. ஏழாயிரமாம்.

வீட்டில் நான் எதற்காவது வாயைத் திறந்தால் போதும். "அப்பா, எண்ணிக்கை மட்டும் சொல்லாதீங்க" என்பாள் கவிதா. மாப்பிள்ளை நல்ல பையன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள்கூட, "மாமா, மொய்யா விமானம் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

போன வருஷம் கவிதாவுக்குப் பிரசவம். ஓமலூர் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து காத்திருந்தோம். நர்ஸ் வெளியே வந்து, "ரெட்டப் புள்ளைங்க, ரெண்டும் நல்லாருக்கு" என்றார். மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டே நர்ஸின் கையைப் பிடித்தாள்.

"சாமி புண்ணியமுங்க. கவிதா அப்பா வாயத் தொறக்காம இருந்தாரு, ரெண்டோட நின்னுச்சு."

"ஏன், தொறந்தா என்னாகும்?" என்று கேட்டார் நர்ஸ்.

மல்லிகா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.